ஒல்லிப் பையனுக்கு ஒரு ஃப்ரேம்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு சைக்கிள் கடையில்தான் அவரைப் பார்த்தேன். என்னைப் போலவே பெருத்த உடம்பு. பேசும்போதெல்லாம், கூட வந்தவரை அறிமுகப்படுத்துவதுபோல, தன் தொப்பையைத் தட்டிக்கொள்வார்.

ஆபீஸ் போய்வர, சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும் ஃபிக்ஸட் கியர் சைக்கிள் வாங்கப் போயிருந்தேன். எந்த ஃப்ரேம் என் எடையைத் தாங்கும் என்று கேட்கக் கூச்சப்பட்டு, பெயின்ட்டை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அவர் கடைக்காரரிடம் உரக்கவே கேட்டார்.

"அண்ணா, நான் நூறு கிலோவுக்கு மேல கீறேன். டெய்லி பம்மல் போவணும். எது தாங்கும்?"

"அப்ப ஸ்டீல் ஃப்ரேம்தான். கனமா இருக்கும், ஆனா அசையாது."

அவர் என் பக்கம் திரும்பினார். "சாரும் நம்ம சைஸ்தான். அவருக்கும் ஒண்ணு காட்டுண்ணா."

கடையே என்னைப் பார்த்தது.

"எனக்கில்லைங்க, என் பையனுக்கு. ஒல்லியா இருப்பான்" என்றேன்.

கடைக்காரர் மெல்லிய அலுமினிய ஃப்ரேம் ஒன்றை இறக்கினார். அப்புறம் வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

இப்போதும் ஷேர் ஆட்டோதான். சில நாள் காலையில், சிக்னலில் அவருடைய கறுப்பு ஸ்டீல் சைக்கிள் பக்கத்தில் வந்து நிற்கும். காலைக் கீழே ஊன்றாமல் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விசாரிப்பார்.

"இன்னா சார், பையன் வண்டி ஓட்றானா?"

"நல்லா ஓட்டறான்."

நேற்று தொப்பையைத் தட்டியபடி சொன்னார்: "ஒரு நாள் அவனைக் கூட்டினு வாங்க சார், ஒண்ணா போலாம். மொதல்ல கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கும்னு சொல்லுங்க."

தெரிந்துதான் சொல்கிறாரா? சரி என்று தலையாட்டினேன். எனக்குப் பையனே கிடையாது.