அப்பாவின் கதையைப் பதிவு செய்தவர்

கோவையில் ஒரு கண் மருத்துவமனையில் காத்திருந்தபோது அவரைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பக்கத்தில் கண்ணில் கட்டுடன் உட்கார்ந்திருந்த அப்பாவின் வாயருகே செல்போனைப் பிடித்து, அவருடைய வாழ்க்கைக் கதையைப் பதிவு செய்துகொண்டிருந்தார். பேரப்பிள்ளைகளுக்காகவாம்.

பெரியவர் வாயைத் திறந்தால் போதும், மகன் திருத்திவிடுவார்.

“மொதல்ல பெருந்துறையில பருத்தி யாவாரம்...”

“இல்லீங்கப்பா, மொதல்ல சத்தியமங்கலம். அப்புறந்தான் பெருந்துறை.”

திருத்தத்தோடு நிற்காமல், மிச்சக் கதையையும் மகனே சொல்லி முடிப்பார். பெரியவர் தலையாட்டுவார்.

“அப்பாவைப் பத்தி எனக்குத் தெரியாதது ஒண்ணுமில்லீங்க” என்று என்னிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு மருந்து வாங்கப் போனார். செல்போனும் கூடவே போனது.

பெரியவர் என் பக்கம் சாய்ந்தார். “ஏனுங்க, இவங்கம்மாவுக்கு முன்னால எனக்கு ஒரு கல்யாணம் ஆச்சுங்க. ஒரு வருசங்கூட இல்லீங்க, காய்ச்சல்ல போயிட்டா. நல்லாப் பாடுவாளுங்க.”

“மகனுக்குத் தெரியாதுங்களா?”

“ரெண்டு மூணு தடவை ஆரம்பிச்சேனுங்க. முடிக்க விடலீங்க.”

மகன் திரும்பி வந்து செல்போனை நீட்டினார். “சரிங்கப்பா, இப்ப உங்க கல்யாணத்தைப் பத்திச் சொல்லுங்க.”

பெரியவர் என் பக்கம் ஒருமுறை முகத்தைத் திருப்பினார். பிறகு, “அதையும் நீயே சொல்லிப்போடு கண்ணு” என்றார்.

மகன் சந்தோஷமாக ஆரம்பித்தார். முகூர்த்த நேரம், பந்தியில் போட்ட பலகாரம் என்று எதையும் விடவில்லை. அப்பாவின் தோளை அணைத்தபடியேதான் சொன்னார். அதனாலேயே அவரைக் குறை சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.