கதவில்லாத ஒன்றாம் வகுப்பு

கஸ்தூரியம்மாள் ஜெயமங்கலத்துக்காரர். குச்சனூருக்குப் பக்கத்தில் வாய்க்கால் கரையை ஒட்டிய ஒரு சின்ன ஊரின் தொடக்கப் பள்ளிக்கு 1964இல் மாற்றலாகி வந்தார். அன்றிலிருந்து ஒன்றாம் வகுப்புதான். புதிதாக வரும் தலைமையாசிரியர்கள், "நாலோ அஞ்சோ எடுங்களேன், தொண்டத் தண்ணியாவது மிஞ்சும்" என்பார்கள். அவர் மசியமாட்டார். மூக்கொழுக வந்து நிற்கிற பிள்ளையை முழுப் பரீட்சைக்குள் எழுத்துக்கூட்டி வாசிக்க வைத்துவிடுவதில் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொல்வார். தொட்ட பிள்ளையைத் தாயிடமிருந்து வாங்கி உள்ளே விட்டு, கதவைச் சாத்தித் தாழ்போடுவார்.

"நீ போத்தா. செத்த நேரம் அழுவான். பெறகு ஒன்னைய மறந்துருவான்."

பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. அதனால் பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயார் செய்ய என்று தனியாக ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்பதே அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

1982இல் அந்த ஊருக்கும் பால்வாடி வந்தது. பள்ளி மைதானத்துக்கு எதிர்ப்புறம், நெல் மூட்டை அடுக்கிக் கிடந்த பழைய கொட்டகையைக் காலி செய்து கொடுத்தார்கள். மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் திறந்தவெளி. அதற்குப் பொறுப்பாளராக வந்த சொர்ணலதா பழனிசெட்டிபட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் இளம்பெண். வாய்த்துடுக்கு உண்டு. வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே என்ற பயமும் உண்டு.

"எங்கிட்ட ஒரு வருசம் இருந்துட்டு வர்ற புள்ள ஒன்னாப்புல அழுகாது டீச்சர்" என்றாள் ஒருநாள்.

"அழுதா என்ன? அழுதுட்டுத்தான் எல்லாரும் படிச்சாக. நீ சோறு போடு, வேணாங்கல. அதுக்குப் பள்ளிக்கூடம்னு பேரு வைக்காத."

சொர்ணலதாவின் முகம் சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு இருவரும் மைதானத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, பேசாமலே ஒரு வருடத்தைக் கடத்தினார்கள்.

அடுத்த ஜூனில் பள்ளி திறந்த அன்று நடவுக் கூலிக்குப் போகும் மாயக்காள் தன் மகன் கருத்தக்கண்ணனைக் கூட்டிவந்தாள். ஐந்து வயது முடிந்திருந்தது. ஒருநாளும் தாயைப் பிரிந்து இருந்ததில்லை; அவள் நாற்று நட்டால் அவன் வரப்பில் இருப்பான். பால்வாடிக்கும் அனுப்பவில்லை. பையன் காதைத் தொட்டான். தொட்ட கையோடு திரும்பிப் போய்த் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டான்.

கஸ்தூரியம்மாள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "நீ போ மாயக்கா. திரும்பிப் பாக்காமப் போ."

மாயக்காள் போனாள். தெருமுனையில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினாள்.

உள்ளே பையன் தாழ்ப்பாளை எட்டிப் பிடிக்கக் குதித்தான். எட்டவில்லை. கதவை உதைத்தான். அழுது அழுது காலையில் குடித்த கஞ்சியை வாந்தியெடுத்தான். கஸ்தூரியம்மாள் வாயைத் துடைத்து, தண்ணீர் கொடுத்து, மற்றப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்ல ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. கதவோரம் சுருண்டு உட்கார்ந்துவிட்டான். பழகிவிட்டான் என்று நினைத்தார்.

இடைவேளை மணி அடித்துக் கதவைத் திறந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் மைதானத்துக்கு ஓடின. மறுபடி மணி அடித்து உட்கார்ந்தபோது கதவோரம் காலியாக இருந்தது.

முதலில் கழிப்பறைப் பக்கம் பார்த்தார். பிறகு மற்ற வகுப்புகளில். மைதானத்தைக் கடந்து கொட்டகைக்கு ஓடினார்.

"சொர்ணம், மாயக்கா மகன் இங்கன வந்தானா?"

"இல்லையே டீச்சர்." அவள் எழுந்து நின்றாள். இருவரும் ஒரே நேரத்தில் பள்ளிக்குப் பின்புறம் பார்த்தார்கள். அங்கே வாய்க்கால். முதல் போகத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். செம்மண் நிறத்தில், கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது.

ஊர் கூடிவிட்டது. மதகைத் திறந்து மூடும் லஸ்கர் கோட்டைச்சாமி, மேலே கேட்காமல் அடைக்கக்கூடாது என்று ஒரு கணம் தயங்கினார். பிறகு யாரையும் கேட்காமல் ஓடிப்போய்ப் பலகையை இறக்கினார். இறக்கியதும் தண்ணீர் நின்றுவிடுமா? நாலு ஆண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, காலால் அடியைத் துழாவிக்கொண்டே நடந்தார்கள். படித்துறையில், வேர் மண்டிய இடங்களில் முங்கிப் பார்த்தார்கள். கரையோடு கஸ்தூரியம்மாள் நடந்தார். செருப்பு எங்கே போனதென்று அவருக்குத் தெரியவில்லை. நீரில் ஒரு துணி மிதந்து வந்தது. எடுத்துப் பார்த்தால் யாரோ துவைக்கும்போது விட்ட பழைய துண்டு.

அந்த நேரத்தில்தான் மாயக்காள் வந்தாள். முழங்கால்வரை சேறு. கையில் இன்னும் நாற்றுமுடி.

"எம்புள்ளய எங்கன விட்டீக?"

கஸ்தூரியம்மாள் வாய்க்காலைப் பார்த்தார்.

"டீச்சரு, ஒங்களத்தான். திரும்பிப் பாக்காமப் போன்னு சொன்னீகள்ல? போனேன்ல? எங்கன எம்புள்ள?"

தண்ணீர் மெல்ல வடிந்தது. கரையில் ஈரக்கோடு கீழே இறங்கிக்கொண்டே வந்தது. தண்ணீருக்குள் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதைத் தவிர்த்தார்கள்.

மறுகரையிலிருந்து சத்தம் கேட்டது. தோட்டத்துக்குப் போன அம்மாவாசி கையை வீசிக்கொண்டு ஓடிவந்தார். "இருக்கான்! பய இருக்கான்!"

போன வாரம் மாயக்காள் நட்ட வயலுக்குப் போயிருக்கிறான். வாய்க்காலின் குறுக்கே கிடந்த ஒற்றைப் பனைமரத்தின் மேல், பெரியவர்களே கைபிடித்துக் கடக்கிற பாதையில், தனியாக நடந்திருக்கிறான். அம்மா இன்றும் அங்கே இருப்பாள் என்ற நினைப்பு. ஆளில்லாத வயலில் சேற்றுக்குள் இறங்கி, வெளியே வரத் தெரியாமல், கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் அடைத்துப்போய் நின்றுகொண்டிருந்தான்.

மாயக்காள் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். வசவு ஒன்றும் விழவில்லை. "இவனுக்குப் படிப்பு வேணாம் டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். அந்தப் பத்தொன்பது வருடத்துக் கர்வம் எல்லாம் கஸ்தூரியம்மாளுக்கு வாயில் கசந்தது.

மறுநாள் பெற்றோர் கூட்டம். மாயக்காளின் புருசன் ஒச்சாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றான். தலைமையாசிரியர் சுயம்புலிங்கம் பயந்த மனிதர். இன்னொரு தடவை இப்படி நடந்தால் தன் வேலை போகும் என்பதே அவர் கவலை.

"இனிமே ஒரு முடிவு" என்றார். "பால்வாடியில ஒரு வருசம் இருந்த பிள்ளையத்தான் ஒன்னாப்புல சேக்குறது. பழகாத பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு லாயக்கில்ல."

சொர்ணலதா தலையாட்டினாள். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் பால்வாடியை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்று அவளுக்கு மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். "அதுதான் சார் நல்லது" என்றாள்.

கஸ்தூரியம்மாள் எழுந்தார்.

"அந்தப் பய லாயக்கில்லன்னு யாரு சொன்னது? ஆத்தாளத் தேடித் தனியா அம்புட்டுத் தூரம் போயிருக்கான். வழி தெரிஞ்சிருக்கு, துணிச்சல் இருந்திருக்கு. கதவப் பூட்டுனது நானு. அவன் சும்மா இருந்தான்னதும் பழகிட்டான்னு நெனச்சது நானு. அதுக்கு ஊருல உள்ள புள்ளைகள வெளிய நிறுத்துவீகளா? கைப்புள்ளயப் பாத்துக்கிட்டு வீட்டுல கெடக்குற புள்ள, காட்டுக்குக் கூடப் போற புள்ள, அதெல்லாம் என்ன செய்யும்?"

"அப்ப எங்கிட்ட வர்றதுல பிரயோசனமே இல்லையா டீச்சர்?" சொர்ணலதாவுக்கும் குரல் உயர்ந்தது. "எங்கிட்ட இருந்த ஒம்பது பேரும் நேத்து உள்ளதானே உக்காந்திருந்தாக? ஒருத்தரும் ஓடலையே?"

உண்மைதான். அந்த ஒன்பது பிள்ளைகளும் அழவில்லை.

"இல்லன்னு சொல்லல" என்றார் கஸ்தூரியம்மாள். "வந்தா நல்லது. வராட்டி ஒன்னாப்புக்கு வராதேன்னு சொல்லக்கூடாது."

கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. ஒச்சாண்டி போகும்போது, "நீங்க பேசுனது சரி. எம்புள்ள வரமாட்டான்" என்றான்.

மாயக்காள் நட்டுக்கொண்டிருந்த வயலுக்கே கஸ்தூரியம்மாள் போனார். வரப்பில் நின்று, பையனை அனுப்பச் சொல்லிக் கேட்டார். மாயக்காள் குனிந்த முதுகை நிமிர்த்தவில்லை. "நான் கூட உக்காந்திருந்தா இருப்பான். ஒருநா வேலைக்கி வராட்டி அடுத்த நடவுக்குக் கூப்புட மாட்டாக டீச்சர்."

"ஒன்னைய அவன் பாத்துக்கிட்டே இருந்தா?"

அந்தக் கேள்வியில்தான் வழி பிறந்தது. பள்ளிக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு புளியமரம் நின்றது. அங்கிருந்து பார்த்தால் அந்த வார நடவு வயல் தெரியும். கஸ்தூரியம்மாள் ஒன்றாம் வகுப்பை மரத்தடிக்குக் கொண்டுவந்தார். சொர்ணலதாவிடம் போய், "ஒன் பிள்ளைகளையும் இங்கன உக்கார வை. எனக்கு ரெண்டு கண்ணு பத்தாது" என்றார். அவள் முறைத்தாள். பிறகு பாயை எடுத்துவந்து விரித்தாள்.

கருத்தக்கண்ணன் முதல் சில நாட்கள் சிலேட்டைத் தொடவேயில்லை. வயலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எழுந்தபோதெல்லாம் கஸ்தூரியம்மாள் பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு அவன் பின்னாலேயே போவார். அவன் வரப்புவரை போய், அம்மா இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத் திரும்புவான். ஒருநாள் பாதி வழியில் திரும்பினான். இன்னொரு நாள் எழவேயில்லை.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஜீப்பை மரத்தடியில் நிறுத்தி, "யாரு உத்தரவுல வகுப்பை வெளிய வச்சிருக்கீங்க?" என்று கத்தினார். மழைக்காலம் வந்ததும் உள்ளே போய்விடுவோம் என்று கஸ்தூரியம்மாள் பணிவாகச் சொன்னார். ஆனாலும் அதிகாரி விளக்கம் கேட்டு எழுதினார். அந்த வருடக் கடைசியில் கஸ்தூரியம்மாளுக்கு மாற்றல் வந்தது, சின்னமனூர்ப் பக்கம். ஒன்றாம் வகுப்பு இல்லை, ஐந்தாம் வகுப்பு. கருத்தக்கண்ணன் தீபாவளிவரை மற்றவர்களுக்குப் பின்னால்தான் இருந்தான். முழுப் பரீட்சையில் தட்டுத்தடுமாறி வாசித்து இரண்டாம் வகுப்புக்குப் போனான். கெட்டிக்காரன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கு வருவதை நிறுத்தவில்லை. பால்வாடியும் அந்த ஊரிலேயே நிலைத்தது. மாயக்காள் தன் அடுத்த பிள்ளையை மூன்று வயதிலேயே அங்கே கொண்டுவந்து விட்டாள்.

1989இல், கஸ்தூரியம்மாள் ஓய்வுபெற்ற பிறகு, தேனி பஸ் ஸ்டாண்டில் சொர்ணலதாவைப் பார்த்தார். அவள் இடுப்பில் ஒரு குழந்தை.

"இவள எப்ப சேக்கப் போற?" என்றார்.

"மூணு முடிஞ்சதும் பால்வாடிதான் டீச்சர். ஒன்னாப்புக்கு அது இல்லாம முடியாது."

"ஏன் முடியாது? வீட்டுல நீ பேசுற பேச்சுக்கே அவ அஞ்சாப்பு படிச்சிருவா."

"ஒங்களுக்கு இன்னும் அந்தப் பிடிவாதம் போகல."

"ஒனக்கு மட்டும் போயிருச்சாக்கும்?"

கஸ்தூரியம்மாள் ஏற வேண்டிய சின்னமனூர் பஸ் வந்து, நின்று, புறப்பட்டது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.