இறக்கக்கூடாத குடம்

சிரம்பானிலிருந்து சி ரூசா கடற்கரைக்குப் போகும் வழியில், செம்பனைத் தோட்டம் ஒன்றின் பால்குட ஊர்வலம் என் காரை நிறுத்திவிட்டது. வானம் கறுக்கிறது. உட்காரப் பொறுக்காமல் இறங்கி நடக்கிறேன்.

ஊர்வலத்தின் கடைசியில் மஞ்சள் சேலையில் ஒரு பெண். ஒரு கை தலையிலுள்ள பால்குடத்தைப் பிடித்திருக்கிறது, மறு கையில் ஊன்றுகோல். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். அதன் விளிம்பில் ரத்தம் கசிகிறது. கோயில் இன்னும் மேட்டின் மேலே இருக்கிறது.

மருத்துவமனை நிர்வாகத்திலிருந்து ஓய்வு பெற்றவன் நான். சும்மா இருக்க முடியவில்லை. "ஆஸ்பத்திரி ஆபீஸ்ல இருந்தவன் சொல்றேன், புண்ணாயிட்டா உடனே கழற்றிட்டு உட்காரணும்மா. அதுதான் முறை. குடத்தை வீட்டுல வேற யாராவது சுமந்தாலும் செல்லும்" என்கிறேன், அம்மன் இலாகாவுக்கும் நானே அதிகாரி போல.

"ஒக்காந்தா கொடத்த எறக்கணும் அங்கிள். கோயிலுக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னால எறக்குனா வேண்டுதல் போச்சு. கால எடுத்தப்பவே, நானே தூக்கிட்டு வரேன்னு ஆத்தாகிட்ட சொல்லிட்டேன்லா."

"அப்போ இந்தப் புண்ணு?"

"நீங்க கால கழட்டித் தூக்கிட்டு வாங்க."

மண்டியிட்டுப் பட்டையை அவிழ்க்கிறேன். ஊன்றுகோலை அழுத்தி, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி மேடேறுகிறாள். பால் தளும்பித் தோளில் வழிகிறது. அம்மன் பெயரைச் சொல்லும் உதடு ஓயவில்லை. மழை தொடங்குகிறது.

"அங்கிள், கால நனைய வுடாதீங்க! புதுசு வேணும்னா உங்கள மாதிரி ஆளுங்ககிட்டதான் லைன்ல நிக்கணும்!"

காலைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு பின்தொடர்கிறேன்.

சன்னதியில் பூசாரி அவள் குடத்தை வாங்கி ஊற்றுகிறார். பிறகு, நிமிர்ந்து பார்க்காமலே, வரிசையில் அடுத்து நிற்கும் என்னிடம் குடத்துக்குக் கை நீட்டுகிறார்.