கடல் மணலில் கட்டிய கேலரி

என் தையல் மிஷின் மேல் ஒரு கான்கிரீட் துண்டு இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான். ஒரு பக்கம் வெளுத்துப்போன நீலப் பெயிண்ட், உடைந்த பக்கத்தில் ஒரு சிப்பி, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த மயிலாப்பூர் மாமி ஒருத்தர், "ஏதாவது கோயில் கல்லா? பூஜையில வெச்சுக்கப்படாதோ?" என்று கேட்டார். "கோயில் இல்ல மாமி, கால்பந்து மைதானம்" என்றேன். மாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நானும் ஒப்புக்குச் சிரித்து வைத்தேன். அந்தச் சிப்பியைப் பார்க்கும்போதெல்லாம் இன்னமும் என் கால் தானாக மிஷினை நிறுத்திவிடுகிறது என்று அளவு கொடுக்க வந்தவரிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் கிளப்பின் சொந்த மைதானம் ராஜா அண்ணாமலைபுரத்து பங்களாக்களுக்குப் பின்னால், அடையாறு கடலில் சேரும் பக்கம் இருக்கிறது. முதலில் அது வெறும் முள்ளுக்காடு. எங்கள் மீனவக் குப்பத்துப் பையன்களும் ஆற்றோரக் குடிசைப் பையன்களும் சேர்ந்து முள்ளை வெட்டி, மேட்டைத் தட்டி, சவுக்குக் கட்டையில் கோல் போஸ்ட் நட்டார்கள். கிழிந்த மீன்வலைதான் கோல் வலை. அதன் முன்னால் நின்ற முதல் கோலி, அதாவது கோல் கீப்பர், என் அப்பா. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, பந்தை உதைத்தால் அது அவர் நினைத்த திசைக்கு ஒருநாளும் போனதில்லை. ஆனால் குரல் இருக்கிறதே, அடேயப்பா! கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். கைக்குட்டையால் மைக்கின் வாயை மூடிக்கொண்டு, "நம்ம கோலி தூங்கிகினு கீறாரு, யாராவது டீ குடுங்கப்பா" என்று சொந்த அண்ணனையே வாருவார். மந்தைவெளியிலிருந்தும் வடபழனியிலிருந்தும் ஆட்டம் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பேச்சைக் கேட்க வந்தவர்கள்தான்.

கூட்டம் பெருகியதும் கேலரி கட்ட ஆசை வந்தது. சிமென்ட்டும் கம்பியும் யார் யார் தயவிலோ வந்து சேர்ந்தன. மணல் லாரிதான் வரவில்லை. "கடலு நம்ம வூட்டு வாசல்லயே மணலைக் கொட்டி வெச்சிகீது. லாரி எதுக்குடா?" என்றார் அப்பா. அவ்வளவுதான். மீன் விற்கும் பெண்கள் கூடையில் சுமந்தார்கள், ஆண்கள் சாக்கில் சுமந்தார்கள், ஊரே சுமந்தது. சிப்பியும் உப்புமாக அந்த மணல் அப்படியே சிமென்ட்டில் விழுந்தது. கொத்தனாரும் எங்கள் குப்பத்து ஆள்தான், அப்பாவின் பேச்சுக்கு மறுபேச்சு பேசத் தெரியாதவர். படகில் அடித்த ஆணியை உப்பு எப்படித் தின்னும் என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் சொந்தக் கையால் கட்டுகிற சந்தோஷத்தில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அந்தக் கேலரியில் இரண்டு வழக்கங்கள் வளர்ந்தன. நம் ஆள் கோல் போட்டால் கை தட்டக் கூடாது, எல்லோரும் எழுந்து நின்று சேர்ந்தாற்போல் காலைத் தட்ட வேண்டும். மயிலாப்பூர் வரைக்கும் கேட்கிறது என்று பெருமை பீற்றிக்கொள்வோம். இன்னொன்று சாவுக்கானது. கிளப்பின் பழைய ஆட்டக்காரர் யாராவது இறந்த செய்தி வந்தால், நடக்கிற ஆட்டம் அப்படியே நிற்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வாய் திறக்காமல், கீழ் வரிசை முதலிலும் மேல் வரிசை கடைசியிலுமாக இறங்கி வந்து மைதானத்து மண்ணைத் தொட வேண்டும். அந்த நேரத்தில் முண்டியடிப்பதும் பேசுவதும் செத்தவருக்குச் செய்கிற அவமரியாதை. குடித்துவிட்டு வந்தவன்கூட இதில் தப்பியதில்லை.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. கோப்பைக்கான கடைசி ஆட்டம். உச்சி வரிசையில் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூட்டு வலியால் அப்பா வீட்டிலேயே இருந்துவிட்டார். இடைவேளைக்கு முன்பே எங்கள் பையன் ஒருவன் கோல் போட்டான். கேலரி எழுந்து காலைத் தட்டியது. மகளும் குட்டிக் கால்களால் தட்டினாள். வழக்கமாக வருகிற அதிர்வு இல்லை அது. உட்கார்ந்த பிறகும் எனக்குக் கீழே ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது. பிரமை என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எதிர் அணி ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. கூட்டம் முழுவதும் எழுந்து, காலைத் தட்டத் தயாராக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பந்தை வைத்துவிட்டு எங்கள் கேப்டன் பின்னால் நடந்தான்.

அப்போதுதான் மைக்கில் சித்தப்பாவின் குரல் வந்தது. கேலி இல்லாத அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "ஆட்டத்த நிறுத்துங்க. நம்ம கிளப்போட மொத கோலி, என் அண்ணன், காலமாயிட்டாரு. எல்லாரும் வழக்கப்படி எறங்கி வாங்க."

என் அப்பா! காலையில் எனக்குக் கஞ்சி போதுமா என்று கேட்ட அப்பா. பக்கத்து வீட்டு அக்காவின் கையில் மகளைத் தள்ளிவிட்டு ஓடினேன். செத்தவரின் மகள் என்று எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்கள். இருந்ததே ஒரு படிக்கட்டு, அதன் அடியில்தான் மைக் அறை. கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். சித்தப்பா மைக்கை அணைத்துவிட்டு, சுவரோரத் தூணில் கையை வைத்துக்கொண்டு நின்றார். மேசையெல்லாம் காரை விழுந்து கிடந்தது. தூணின் விரிசலில் அவருடைய விரல்கள் உள்ளே போயிருந்தன. உள்ளே கம்பி இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்புத் தூள்.

"அண்ணன் வூட்ல டிவி பாத்துகினு கீறாரு" என்றார். "இன்னொரு தபா தட்னா இது நிக்காது. வுழப்போவுதுன்னு சொன்னா ஒரே படிக்கட்டுல மிதிச்சிகினே செத்துப்புடுவானுங்க. நீ வாயத் தொறக்காத. வெளிய போயி அழு. நல்லா அழுடி." பிறகுதான் என் இடுப்பைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "பாப்பா எங்க?"

வாழ்க்கையில் அப்படிப் பயந்ததே இல்லை. பாப்பா உச்சி வரிசையில். உச்சி வரிசைதான் கடைசியில் இறங்கும். நான் வெளியே போய் நின்று அழுதேன். ஐயோ, அந்த அழுகைக்கு நடிப்பு எங்கே வேண்டியிருந்தது? கீழ் வரிசைக்காரர்கள் செருப்பும் கையுமாக ஒவ்வொருவராக வந்து மண்ணைத் தொட்டார்கள், என் தோளைத் தொட்டார்கள். ஒரு கிழவர் என் முன்னால் நின்று மனப்பாரம் தாங்காமல் விம்மினார். சீக்கிரம் நகருங்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். மேலே என் மகள் அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் செருப்பைத் தானே தூக்குவேன் என்று அடம் பிடிப்பது தெரிந்தது. ஒரு செருப்பு விழுந்தது. அதை எடுக்கத் திரும்பி ஏறினாள். என் உயிர் அவளோடு ஒரு படி ஏறி ஒரு படி இறங்கியது. கடைசியாக அவள் மண்ணில் காலை வைத்து, பெரியவர்களைப் பார்த்து அவளும் குனிந்து தொட்டாள். வாரி எடுத்துக்கொண்டேன். சித்தப்பா அறையிலிருந்து வெளியே வந்து எல்லோர் முன்னாலும் கும்பிட்டு, உண்மையைச் சொன்னார்.

கேலரி விழவில்லை. அதுதான் சித்தப்பாவின் கெட்ட நேரம். ஆட்டம் பாதியில் நின்றதால் கோப்பை அடுத்தவனுக்குப் போனது. மறுவாரம் ஓர் இன்ஜினியர் வந்து தூணைத் தட்டிப் பார்த்து, மேல்பூச்சுதான் போயிருக்கிறது என்றார். பூசி நீலப் பெயிண்ட் அடித்தார்கள். ஜனங்கள் பழையபடி ஏறி உட்கார்ந்தார்கள். நான் ஏறவில்லை, மகளையும் ஏற விடவில்லை. அம்மா, அப்பாவுக்குச் சூடம் சுற்றிப் போட்டுவிட்டு, "உசுரோட கீற மனுசனுக்கு மைக்குல சாவு சொன்ன வாய் என் வூட்டுப் படி ஏறக்கூடாது" என்று சித்தப்பாவைத் துரத்தினாள். அப்பாதான் தெருவில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் கட்னது. என் பேரச் சொன்னாத்தான் எறங்குவானுங்க. கரீட்டாத்தான் சொல்லிகீற." அதைக் கேட்டுச் சித்தப்பா அழுதார் என்று அப்பா பிறகு என்னிடம் சொன்னார்.

மைக்கைச் சித்தப்பாவிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். அப்படியும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வந்து அந்தப் படிக்கட்டின் கீழே நிற்பார். கோல் விழுந்தால் இரண்டு கைகளையும் தூக்கி, "தட்டாதீங்கடா, தட்டாதீங்கடா" என்பார். விடலைகள் அவரைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஓங்கித் தட்டுவார்கள். "மச்சி, இன்னிக்கு யாருக்கு சாவு சொல்லப்போறாரு?" என்று சிரிப்பார்கள். அவர்கள் உயிருக்காகத்தான் அந்த மனுஷன் அங்கே நின்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் பற்றிக்கொண்டு வரும். காய்ச்சலில் நாலு நாள் கிடந்து அவர் போனபோது ஆட்டத்தின் நடுவே மைக்கில் சொன்னார்கள். கேலரியிலிருந்து யாரோ, "இதாவது நெஜமா?" என்று கேட்டார்கள். பாதிப் பேர் உட்கார்ந்தே இருந்தார்கள்.

அடுத்த வருஷம் புதிய ஸ்டேடியம் கட்ட அனுமதி வந்தது. பழைய கேலரியை இடிக்கும்போது அப்பாவும் நானும் போயிருந்தோம். மெஷினின் கை அந்த ஒரு தூணை லேசாகத்தான் தொட்டது. மொத்தக் கேலரியும் பொலபொலவென்று உட்கார்ந்துவிட்டது. டிரைவர் பயந்து குதித்து ஓடினார். தூசி அடங்கியபின் அப்பா நொண்டி நொண்டிப் போய் ஒரு கம்பியை எடுத்தார். அது கையிலேயே உதிர்ந்தது. "இதப் பாக்கறதுக்கு அவன் இல்லியே" என்றார். பக்கத்தில் கிடந்த ஒரு துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். சித்தப்பா யாருக்குச் சாவு சொன்னாரோ அவர் இன்னும் திடமாக இருக்கிறார், காலையில் கஞ்சி கேட்கிறார்.

புதிய கேலரி இரும்பில் நிற்கிறது. நான்கு படிக்கட்டுகள் வைத்திருக்கிறார்கள். விழாது என்று எனக்கும் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிளப்பின் பெண்கள் அணி ஆடியது, நடுக்களத்தில், இப்போது வளர்ந்துவிட்ட என் மகள். மனசை உறுதிப்படுத்திக்கொண்டு முதல்முறையாக மேலே போய் உட்கார்ந்தேன், பையில் அந்தத் துண்டோடு. ஒரு கோல் விழுந்தது. எல்லோரும் எழுந்து காலைத் தட்டினார்கள். கீழே இரும்பு அதிர்ந்த அந்த நொடியில் "பாப்பா எங்க?" என்று சித்தப்பா கேட்டார். நான் எழுந்து உச்சி வரிசையில் தேடினேன், படிக்கட்டில் தேடினேன், ஒவ்வொரு குழந்தையின் முகமாகத் தேடினேன். பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்து உலுக்கினாள். "இன்னாக்கா மேல பாத்துகினு கீற? கோலு போட்டதே உன் பொண்ணுதான், நீ பாக்கலயா?" பைக்குள் என் விரல் அந்தச் சிப்பியின் மேல் இருந்தது. பார்க்கவில்லை என்றேன்.