மூலையில்லாத கோவில்

என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். சின்ன ரகரமா பெரிய றகரமா என்று சந்தேகம் வந்தால் இரண்டில் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கள் கோவில் மலருக்காக இதைத் தட்டெழுதப்போகும் பிள்ளை பொறுத்துக்கொள்ளவேண்டும். எழுத்துப் பிழைகளைத் திருத்தலாம். நான் சொல்லும் விசயத்தைத் திருத்தவேண்டாம். அப்படி நடக்கக்கூடும் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறபடியால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

பிரெஞ்சு பேசும் புறநகரான லொங்குய்யில் இருக்கும் இந்தக் கோவிலை முதன்முதலில் தேடிப் போனபோது, அதைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடியும் தாண்டிப் போனோம். மனைவி அதை ஐஸ் ஹொக்கி விளையாடும் மண்டபம் என்றாள். எனக்குத் தண்ணீர்த்தாங்கி மாதிரித் தெரிந்தது. வட்டமான கொங்கிறீட் சுவர், கவிழ்த்து வைத்த சட்டி போல ஒரு கூரை, ஜன்னல் என்று சொல்ல ஒன்றுமில்லை. சிலுவைகூட ஒரு பக்கமாக, ஒளித்து வைத்ததுபோல இருந்தது. அறுபதுகளில், சுற்றிவரப் பங்களாக்கள் எழும்பிய காலத்தில், புதுப் பாணி என்று சொல்லிக் கட்டினார்களாம்.

அதற்கு முன் எங்கள் தமிழ்ப் பூசை நகரத்துக்குள்ளே, பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கோவிலின் நிலக்கீழ் அறையில் நடந்தது. அந்தக் கோவிலை மூடியபோது, சனம் குறைந்துபோன இந்தப் பிரெஞ்சுப் பங்கில் ஞாயிறு பின்னேரங்களை எங்களுக்குத் தந்தார்கள். இவ்வளவு பெரிய கட்டடத்தை ஒருவர் ஏன் சும்மா தருகிறார் என்று அன்றைக்கே யோசித்தேன். வெளியே சொல்லவில்லை. நான் அதிகம் கதைக்காதவன். அதனால்தான் கோவில் பூட்டின் திறப்பை என்னிடம் தந்தார்கள். கதைக்காதவன் களவெடுக்க மாட்டான் என்று நினைத்தார்கள் போலும்.

உள்ளே போனால் அதிசயம் வேறு. பீடம் நடுவில் இருக்கிறது. சனம் இருக்கும் வாங்குகள் அதைச் சுற்றி வளையம் வளையமாக. மேலே ஒரு கீறல் வழியாக வெளிச்சம் விழுகிறது. தூண் இல்லை, மூலை இல்லை, கடைசி வரிசை என்று ஒளிந்துகொள்ள இடமில்லை. மன்னாரில் நான் எப்போதும் வாசலோரத் தூணுக்குப் பின்னால் நின்று பூசை கண்டவன். இங்கே எங்கே இருந்தாலும் யாரோ ஒருவருடைய முகத்துக்கு நேரே இருக்கிறேன்.

ஊர் வழக்கப்படி முதல் ஞாயிறு ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மற்றப் பக்கம் இருந்தார்கள். வட்டத்தில் அப்படி இருந்தால் என்ன ஆகும்? பூசை முழுக்க ஆண்கள் பெண்களையும் பெண்கள் ஆண்களையும் பார்த்தபடி இருக்கவேண்டும். "இது கோவிலோ, பொம்பிளை பாக்கிற இடமோ?" என்று ஒரு அக்கா வெளியே வந்து கேட்டார். அடுத்த கிழமையிலிருந்து குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். சுவாமியார் பல வருடம் சொல்லி நடக்காதது அந்தக் கட்டடத்தால் ஒரு நாளில் நடந்தது.

பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம்தான் பெரிய கரைச்சல். எங்கள் பூசையில் கை குலுக்குவதில்லை, கும்பிடுவோம். ஊரில் பக்கத்தில் நிற்பவரைக் கும்பிட்டால் போதும். இங்கே கையைக் கூப்பித் தலையை நிமிர்த்தினால் பீடத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவர் உங்களைக் கும்பிட்டுக்கொண்டு நிற்பார். ஒரு கலியாண வீட்டில் ஏற்பட்ட மனஸ்தாபத்தால் நெடுநாளாகப் பேசாமல் இருந்த இரண்டு குடும்பங்கள் எங்களுக்குள் இருந்தன. ஒரு ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது அதில் ஒருவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, நீர் பாத்தனீரோ? அவர் என்னை எல்லோ கும்பிட்டவர்?"

"தெரியேல்லை அண்ணை."

"எனக்குப் பின்னாலை நிண்ட சுவாமியாரின்ரை அம்மாவைக் கும்பிட்டிருப்பாரோ?"

"அதுவும் தெரியேல்லை."

"உம்மட்டைக் கேட்டன் பாரும்."

மற்றவரும் அதே கேள்வியைப் பிறகு கேட்டார். நான் அதே பதிலைச் சொன்னேன்.

எங்களுக்கு ஒரே ஒரு குறை. மாதாவுக்கு இடமில்லை. மன்னாரிலிருந்து கப்பலில் எடுப்பித்த சுரூபம், ஒரு பிள்ளையின் உயரம். அந்த வளைந்த சுவரில் அவவை வைக்க ஒரு மாடம் இல்லை, ஒரு தட்டு இல்லை. நான் வேலை செய்யும் பாண் பேக்கரியில் கழித்துவிட்ட தள்ளுவண்டில் ஒன்றை வாங்கி வந்தேன். கிழமை நாளில் மாதா துடைப்பங்கள் வைக்கும் அறையில் இருப்பா. ஞாயிறு நான் அவவை வண்டிலில் ஏற்றி, சில்லு சத்தம் போடாமல் மெல்லத் தள்ளிக்கொண்டு வருவேன். சுவரோடு குகை மாதிரி ஒரு கெபி கட்டி அவவை நிரந்தரமாக வைக்கவேண்டும் என்பது எல்லோருடைய ஆசை. எங்கள் சபைத் தலைவர் அதற்குப் படமும் கீறி வைத்திருந்தார். கெபி கட்டினால்தான் இது எங்கள் கோவில், அதுவரைக்கும் நாங்கள் வாடகைக்காரர் என்று அவர் சொல்வார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்த நேரத்தில்தான் கமெராவோடு ஒருவன் வந்தான். சனிக்கிழமை நான் வாங்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கறுப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடிச் சட்டம். சுவரைத் தட்டிப் பார்த்தான். நாடாவால் அளந்தான். கூரையைப் படுத்துக் கிடந்து படமெடுத்தான். யுத்த காலத்தில் எங்கள் ஊரில் ஒருவன் வந்து ஒரு பள்ளிக்கூடத்தையோ கோவிலையோ அளந்து படம் பிடித்தால், பிறகு அந்தக் கட்டடத்தில் நாங்கள் இருந்ததில்லை. முள்ளுக்கம்பி வரும், மண்மூட்டை வரும், ஆமி வரும்.

அவனோடு நின்றது பழைய பங்கின் மதாம். பூ மாற்றுகிற வயதான பிரெஞ்சுப் பெண். அவர்கள் வாசலடியில் நின்று குசுகுசுத்தார்கள். நான் மறுபக்கம் நின்றேன். ஆனால் அந்தக் கூரைக்கு ஒரு குணம் இருக்கிறது. ஒரு பக்கத்துச் சுவரோடு நின்று மெல்லக் கதைத்தால் மற்றப் பக்கத்துச் சுவரோடு நிற்பவருக்குக் காதுக்குள் கதைத்த மாதிரிக் கேட்கும். எனக்குப் பிரெஞ்சு கொஞ்சம்தான். எக்லீஸ் என்றால் கோவில், அது தெரியும். மதாம் அந்த எக்லீஸைச் சொல்லிச் சொல்லி, "கிளாஸே, கிளாஸே" என்றார். பிறகு கையைத் தட்டினார். சந்தோசத்தில் தட்டுகிற மாதிரி.

அன்று பின்னேரமே தலைவர் வீட்டுக்குப் போனேன். நானாக ஒருவர் வீட்டுக்குப் போய்க் கதைத்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணை, கோவிலைக் கிளாஸ் ஆக்கப்போறாங்கள்."

"என்ன கிளாஸ்?"

"வகுப்பு. பள்ளிக்கூடம். அளந்தும் போட்டாங்கள்."

தலைவர் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்தவர். எங்களில் பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவர் என்று பெயர். "ஓம், இருக்கும்," என்றார். "உந்தப் பக்கம் பள்ளிக்கூடங்களிலை இடமில்லை எண்டு சொல்லுறவை. உந்த மனுசி சிரிச்சுச் சிரிச்சுப் பூ வைக்கேக்கையே நான் நினைச்சனான்."

அந்தக் கதை இரண்டு நாளில் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. எங்கள் கறிவேப்பிலை மணம்தான் காரணம் என்று ஒருவர். கார்களைப் பக்கத்து வீட்டு வாசலில் விட்டதுதான் என்று இன்னொருவர். தூரத்துப் புறநகரான பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கியிருந்த சிலர், அந்தப் பக்கத்திலேயே வேறு கோவில் பார்க்கலாம் என்றார்கள். பார்க் எக்ஸ்டென்ஷன்காரர் அங்கே திரும்பவும் ஒரு நிலக்கீழ் அறை கேட்போம் என்றார்கள். ஒரு வட்டத்துக்குள் இருந்த சனம் துண்டு துண்டாகப் போகப் பார்த்தது. எனக்கு இரவில் நித்திரை குறைந்தது. பேக்கரியில் நான் மா மூட்டை தூக்குகிறவன், பஸ்ஸில் நான் யாரும் பார்க்காதவன். கோவில் திறப்பு என் சட்டைப் பையில் இருக்கும்போதுதான் என்னை நாலு பேர் தேடுவார்கள். அதுவும் போகப்போகிறது.

பூட்டை மாற்றுவதற்கு முன் மாதாவையாவது காப்பாற்றுவோம் என்று தலைவர் சொன்னார். புதன்கிழமை அவருடைய வானைக் கொண்டுவந்தோம். மாதாவைப் போர்வையால் சுற்றி, படுக்க வைத்து, என் வீட்டுக்குக் கொண்டுபோனோம். வீட்டில் வேறு இடமில்லாமல் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினோம்.

"இஞ்சருங்கோ, இவவுக்கு முன்னாலை நான் எப்பிடி மீன் வெட்டுறது?" என்றாள் மனைவி.

"அங்காலை திரும்பி நிண்டு வெட்டு."

அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது மதாம் வாசலில் நின்றார். முகம் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் விரலை நீட்டி ஏதோ கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலைவர் முன்னே வந்தார். இரண்டு பேரும் கைகளை வீசிக் கதைத்தார்கள்.

"என்னவாம் அண்ணை?"

"மாதா எங்கையாம். உம்மை நினைச்சாவாம், கள்ளன் எண்டு."

"நானோ?"

"திறப்பு உம்மட்டைத்தானே கிடக்கு."

தலைவர் பிறகு மதாமிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டிருக்கவேண்டும். கிளாஸ் என்ற சொல் வந்தது. மதாம் முதலில் முழித்தார். பிறகு ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிய எங்களை உள்ளே இழுத்துக்கொண்டு போய், அந்த வளைந்த சுவரில் உள்ளங்கையை வைத்தார். பிறகு கையை எடுத்து, விரலை ஆட்டினார். தொடக்கூடாது.

தலைவர் மெல்ல மெல்லச் சொன்னார். "கிளாஸே எண்டால் பள்ளிக்கூடம் இல்லையாம். அரசாங்கம் இந்தக் கட்டடத்தைப் பெறுமதியான பழைய கட்டடம் எண்டு பதியப்போகுதாம். இடிக்கேலாது. வாங்கிறவனும் நினைச்சபடி மாத்தேலாது. மனுசி சின்னப் பெட்டையா இருக்கேக்கை இவவின்ரை தேப்பன் இந்தக் கொங்கிறீட் ஊத்தினவராம். அதுதான் கை தட்டினவவாம்."

"அப்ப கோவில் எங்களுக்குத்தானோ?"

"ஓம், கோவில் நிக்கும். ஆனால் தம்பி, ஒரு ஆணிகூட அடிக்கேலாது."

கெபி இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. தலைவர் தன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். அவர் கீறிய கெபிப் படம் அதற்குள் இருந்தது. வெளியே எடுக்கவில்லை.

மாதாவைத் திரும்பக் கொண்டுவந்தோம். மதாம் அவவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். கீறல் இருக்கிறதா என்று பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு வந்த சிக்கல்தான் இன்றுவரை ஓடுகிறது. சுவரில் வைக்க முடியாத மாதா வாங்குகளுக்கு நடுவில்தான் நிற்கவேண்டும். வட்டத்தில் அவ எங்கே நின்றாலும் யாருக்கோ முதுகைக் காட்டுவா. அதனால் நான் ஒவ்வொரு கிழமையும் வண்டிலை ஒவ்வொரு பக்கமாகத் தள்ளி நிறுத்துகிறேன். அவ நிற்கும் பக்கத்துக் குடும்பம் அன்றைக்குப் பூ வைக்கும், மெழுகுதிரி ஏற்றும். நாலு பேர் சொல்லிச் செய்ததல்ல, தானாக வந்த வழக்கம். பேசாமல் இருந்த இரண்டு குடும்பங்களும் ஒரு ஞாயிறு ஒரே பக்கத்தில் அகப்பட்டுக்கொண்டார்கள். ஒருவர் பூவைப் பிடிக்க மற்றவர் சாடியில் தண்ணீர் ஊற்றினார். ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அடுத்த கிழமை சமாதானம் சொல்லும் நேரம் யார் யாரைக் கும்பிட்டது என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.

இப்போது சந்தேகம் முழுக்க என்மேல்தான்.

"தம்பி, போன மாதமும் மாதா பியர்பொன்ட்ஸ் ஆக்களின்ரை பக்கம்தானே நிண்டவ?"

"இல்லை அக்கா, சுத்தி வாறா."

"உம்மடை மனுசி இருக்கிற பக்கம் கெதியாச் சுத்தி வாற மாதிரிக் கிடக்கு."

நான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விடுவேன். அரசாங்கம் இந்தக் கட்டடத்தைக் காப்பாற்றும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறதாம். எழுதிக் கொடுத்த அரசாங்கங்களை நான் முன்னமும் கண்டிருக்கிறேன். அதனால் வண்டிலின் சில்லுகளுக்கு மாதம் தவறாமல் எண்ணெய் விடுகிறேன். அவசரமென்றால் மாதாவைத் தள்ளிக்கொண்டு போகலாம். சனம் அவவுக்குப் பின்னால் வரும். இன்று அவ தலைவர் பக்கம் நின்றா. பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு, அவவுக்குப் பக்கத்து வாங்கில் இருந்து இதை எழுதி முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, 18 ஒக்டோபர் 2009.