அடையாள எண் கேட்ட கட்டம்

மலேசியாவின் கிள்ளானுக்கு வந்த புதிதில் என்னை மிரள வைத்தது ஒரு பசியாறும் கடை. பக்கத்து மேசையில் எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டு சரோஜா அக்கா அவர் எதிரில் நின்று, "ஓட்டு கேக்க வந்தப்ப வாய் இருந்திச்சி, இப்ப காது இல்லையா ஒய்.பி.?" என்று ஏசினார். ஒய்.பி. என்று இங்கே எல்லோரும் அழைக்கும் அந்த உறுப்பினர் சிரித்தபடி எதையோ குறித்துக்கொண்டார். நான் தேநீரை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். அடுத்தது அடிதடிதான் என்று நினைத்தேன்.

ஊரில் ஒருமுறை தெருவிளக்கு எரியவில்லை என்று கவுன்சிலரிடம் மனு கொடுத்தேன். அன்று மாலையே இரண்டு பேர் வந்தார்கள். "உங்க அப்பா எத்தனை மணிக்குக் கடையைச் சாத்துவாரு?" என்று மரியாதையாகக் கேட்டார்கள், அவ்வளவுதான். அதன்பின் நான் மனுவே எழுதவில்லை. தேர்தல்தோறும் வாக்களித்தேன், ஜனநாயகம் அதோடு முடிந்துவிடுகிறது என்று இருந்துவிட்டேன்.

சென்ற வருடம் எங்கள் வாசலில் லோங்காங் மூடி இரண்டு உடைந்து விழுந்தன. சாக்கடையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். என் ஏழு வயது மகள் அந்தக் குழியைத் தாண்டிக் குதித்துத்தான் பள்ளி வேனுக்குப் போகவேண்டும். சரோஜா அக்கா மனுவோடு வந்ததும், மகளை நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். அடையாள எண் கேட்ட கட்டத்தில், இந்த நாட்டு அடையாள அட்டை இல்லாததால், கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட் எண்ணை எழுதினேன். அவர் போன பிறகுதான் அந்த எண் உறுத்தியது. மேருவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலை அப்போதுதான் என் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க அனுப்பியிருந்தது. வெளிநாட்டுக்காரன் புகார் சொல்கிறான் என்று யாராவது அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தால்? மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் ஒய்.பி.யின் சேவை மையத்துக்குப் போய், மனுவிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். அங்கிருந்த பெண்ணுக்கு முகம் மலர்ந்தது.

"லோங்காங் செஞ்சிட்டாங்களா அண்ணே?"

ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து சரோஜா அக்கா வாசலில் வந்து கத்தினார். "யாரோ போய் செஞ்சாச்சின்னு சொல்லிட்டாங்களாம்லா! ஃபைல மூடிட்டாங்க. யாரு தம்பி இப்படி செய்வா?"

வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. ஆள்பவரை ஏசிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட முடிந்தால், அதுதான் மக்களாட்சி. அக்காவுக்கு முடிகிறது. இங்கே என்னை யாரும் மிரட்டவில்லை. ஊரில் வீடு தேடி வந்த அந்த இரண்டு பேரையும் நானேதான் விமானத்தில் கூட்டி வந்திருக்கிறேன்.

ஊர் வாக்காளர் பட்டியலில் என் பெயர் இன்னும் இருக்கிறது. அப்பா போன பிறகு பூட்டிக் கிடக்கும் வீட்டுக் கதவில் பூத் சிலிப்பைச் செருகிவிட்டுப் போகிறார்களாம். இங்கே பெர்மிட் அன்றுவரை வரவில்லை. வாசலில் நின்ற அக்கா புது மனுத் தாளை நீட்டினார்.

"மறுபடியும் மொதல்லேர்ந்து. நீங்களே மொதல்ல போடுங்க தம்பி."

மகள் பள்ளிப் பையோடு குழிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை வாங்கிப் பெயரை எழுதினேன். அடுத்த கட்டம் எண்ணைக் கேட்டது. கை அங்கேயே நின்றுவிட்டது.