வெர்லின் கொடுத்த இரும்புத் தண்டு

எங்கள் மலைப்பக்கத்தில் பந்தயக் கார் ஓட்டியவர்கள் என்றால் ஹார்ல் ஸ்டேமியின் பெயரை இன்றும் சொல்வார்கள். அவன் காருக்கு என்ஜின் கட்டிய வெர்லின் டாட்லாக்கை யாரும் சொல்வதில்லை. மெலிந்த மனிதர். எதையோ தொலைத்துவிட்டவர் போலத் தரையைப் பார்த்தே நடப்பார். ஓடாத என்ஜினிலும் சத்தம் கேட்கிறவர் என்று நாங்கள் கேலி செய்வோம்.

காரின் சொந்தக்காரி ஓபல் கேகிள். கணவர் இறந்த பிறகு மர அறுவை மில்லையும் பந்தயக் காரையும் அவரே பார்த்துக்கொண்டார். நான் மில்லில் மரம் தூக்குவேன். பந்தய நாட்களில் டயர் மாற்றுவேன்.

ஐம்பத்தொன்றாம் வருடம் கோடையில் ஒரு பந்தயம். ஹார்ல் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தான். வால்வு தட்டுகிறது என்று வெர்லின் பலகையில் எழுதிக் காட்டி, அவனை ஓடுபாதையிலிருந்து உள்ளே வரவழைத்தார். திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை. அன்றைய பந்தயம் போயிற்று.

"யோவ், இனிமே அந்தப் பலகையில வேதாகமத்தையே எழுதிக் காட்டினாலும் நான் உள்ள வரமாட்டேன்" என்றான் ஹார்ல்.

அடுத்த பந்தயம் பிரஷி கிரீக் மண் மைதானத்தில். அதற்கு இரண்டு நாள் முன்னால் ராய்ஸ் லெட்பெட்டர் எங்கள் கொட்டகைக்கு வந்தான். அவன் அண்ணன் கோய்தான் ஹார்லுக்குப் பெரிய போட்டி. ஹார்லும் கோயும் ஒரு காலத்தில் சாராயம் கடத்தியவர்கள். கோய் காட்டிக்கொடுத்துத்தான் ஹார்ல் ஜெயிலுக்குப் போனான் என்று ஊரில் பேச்சு. கோயின் காரில் வலது முன்சக்கரத்தைத் தாங்குகிற இரும்புத் தண்டு வளைந்துவிட்டது, வேறு ஒன்று கிடைக்குமா என்று ராய்ஸ் தயங்கித் தயங்கிக் கேட்டான். பழைய இரும்புக் கடையில், உடைத்துப் போட்ட டாக்சிகளிலிருந்து கழற்றிய தண்டுகள் இரண்டை வெர்லின் ஓபலின் காசில் வாங்கி வைத்திருந்தார். ஒன்று எங்கள் காரில் ஏறியிருந்தது. மற்றதை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஓபலிடம் கேட்கவில்லை.

பந்தயத்தில் ஹார்ல் முதலில், கோய் அவன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு. பாதி ஓடியிருக்கும். வெர்லின் என் தோளைப் பிடித்தார்.

"வளைவுல வலது முன்சக்கரத்தைப் பாரு. நேரா நிக்கல."

எனக்குச் செம்மண் புழுதிதான் தெரிந்தது. அவர் பலகையைத் தூக்கினார். ஹார்ல் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, போ போ என்று விரட்டிவிட்டுப் போனான். அடுத்த சுற்றில் பலகைப் பக்கம் பார்க்கவே இல்லை.

வெர்லின் ஓபலிடம் ஓடினார். "மிஸ் ஓபல், கறுப்புக்கொடி காட்டச் சொல்லுங்க."

கறுப்புக்கொடி காட்டினால் வந்தே ஆகவேண்டும். பந்தயமும் அதோடு முடிந்தது.

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க."

"ஆமா."

"நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது. ஆனா அந்தச் சக்கரம் கழண்டா எந்தப் பக்கம் போகும்னு தெரியும். அங்க சனங்க உக்காந்திருக்காங்க."

ஓபல் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். வேகமாக நடந்து கொடிக்காரனிடம் போனார்.

ஹார்ல் வந்து நின்றான். ஜன்னல் வழியாகக் குதித்து இறங்கி, நேரே வெர்லினின் சட்டைக் காலரைப் பிடித்தான். வலது முன்சக்கரத்தைக் காலால் ஓங்கி உதைத்தான். அது அசையவில்லை.

"எங்கய்யா ஆடுது? காட்டு."

"கையை எடு, ஹார்ல்" என்றார் ஓபல். என் பக்கம் திரும்பி, "கழட்டுடா" என்றார்.

ஜாக்கி போட்டு, சக்கரத்தைப் பிடித்து இழுத்தேன். சக்கரம் தண்டின் முனையோடு சேர்ந்து என் மடியில் வந்து விழுந்தது. ஒடிந்த இடம் முழுக்கப் பழைய கிரீஸ் ஏறிக் கறுத்திருந்தது. நகக்கண் அகலத்துக்கு மட்டும் புது இரும்பு மின்னியது. விரிசல் பழையது; மிச்சமிருந்த அவ்வளவில்தான் சக்கரம் நின்றிருக்கிறது. ஹார்லின் பிடி தானாகத் தளர்ந்தது.

வெர்லினின் முகம் வெளுத்துவிட்டது. "கோய் கார்லயும் இதுதான் இருக்கு."

இப்போது கோய் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தான். வெர்லின் ராய்ஸிடம் ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

"நீங்க வெளிய போயாச்சு. இப்ப எங்களையும் இழுக்கணுமா?" என்று சிரித்தான் ராய்ஸ்.

"நான் குடுத்த தண்டுடா அது. அவனைக் கூப்பிடு."

"ஓ, இதுக்குத்தான் குடுத்தியா?"

அவனுடைய ஆட்கள் இருவர் வெர்லினின் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஹார்ல் என்னிடமிருந்து சக்கரத்தை வாங்கினான். ஒடிந்த முனை தெரிய அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மைதானத்தின் உள்விளிம்பில் போய் நின்றான். கூட்டம் கூச்சல் போட்டது. கோயின் கார் அவனை உரசுகிற மாதிரி வந்து, முகத்தில் மண்ணை வாரி இறைத்துவிட்டுப் போனது.

"அந்த முட்டாளை யாராவது இழுங்கடா" என்றார் ஓபல். யாருக்கும் கால் எழவில்லை.

மறுபடி கோய் வந்தபோது ஹார்ல் ஓரடி முன்னால் போய் நின்றான். சக்கரத்தைக் கீழே வைத்துவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றினான். கோயின் வலது முன்சக்கரத்தை நோக்கிக் கையை நீட்டினான்.

கோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். என்ஜின் சத்தம் இறங்குவது எங்களுக்கே கேட்டது. கார் வரிசையை விட்டு விலகி, ஊர்ந்து வந்து, எங்களை நெருங்கும்போது வலது பக்கம் மெல்லச் சாய்ந்தது. சக்கரம் தனியே உருண்டுபோய் வேலியில் முட்டிச் சாய்ந்தது. காரின் மூக்கு மண்ணில் குத்தி நின்றது. கோய் இறங்கி நின்று அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏன் நிறுத்தினாய் என்று பிறகு கேட்டதற்கு, "ஏமாத்தறப்ப ஹார்ல் சிரிப்பான். அன்னிக்குச் சிரிக்கல" என்றான் கோய்.

ராய்ஸின் ஆட்கள் வெர்லினை விட்டுவிட்டார்கள். நன்றி என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாவதாக வந்துகொண்டிருந்த ஒருவன் ஜெயித்தான். அவன் பெயர்கூட எனக்கு மறந்துவிட்டது. திரும்பும் வழியில் ஓபல், "என் சாமானைக் குடுக்கறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்" என்றார்.

"சரி, மிஸ் ஓபல்."

"கேட்டிருந்தா குடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன். அது வேற."

திங்கட்கிழமை வெர்லின் வேலைக்கு வரவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு இரும்புக் கடைக்குப் போனார். அந்த டாக்சிகளின் தண்டுகளை வேறு யார் வாங்கினார்கள் என்று கடைக்காரனைக் குடைந்து கேட்டார். ஒரே ஒருவர்தான், பக்கத்து ஊர்ப் பாதிரியார். அவர் வீட்டுக்குப் போனோம். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கார் நன்றாகத்தான் ஓடுகிறது என்றார். வெர்லின் எங்கள் வண்டியிலிருந்து ஜாக்கியை இறக்கினார். பாதிரியாரும் மனைவியும் வாசலில் நின்று பார்க்க, சக்கரத்தைக் கழற்றி, தண்டை மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

விரிசல் இல்லை. மறுபடி மாட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டே வெர்லின் சிரித்தார். பாதிரியாரின் மனைவி எங்களுக்கு மோரும் சோள ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார்.